அந்தக் கப்பாசிற்றர் என்ன வேலை செய்யுது?

ஏ.எல் பௌதிகவியலில் அதற்குப் பெயர் கொள்ளளவி. இரண்டு தகடு, நடுவில் மின்னைக் கடத்தாத ஒரு படை, ஒரு சமன்பாடு. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த கையோடு எங்களில் அரைவாசிப் பேர் அதைத் தலையில் இருந்து இறக்கி வைத்துவிட்டோம். கணக்கில் வருகிற கொள்ளளவிக்கு வயது போகாது. அது ஒழுகாது, வெடிக்காது, ஒருவருக்கும் ஷொக் அடிக்காது. பழைய ரேடியோவுக்குள் இருக்கிறதை ரிப்பயர்காரர் கப்பாசிற்றர் எண்டு சொல்லுவினம். அதுக்கு வயது போகும்.

எங்களிடம் வந்து சேர்ந்த செட்டின் பெயர் ஏ.ஆர் 88. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ செய்த ரிசீவர். 14 வால்வுகள், பாரம் கிட்டத்தட்ட 45 கிலோ. ஒரு மூட்டை சீமெந்தைப் போல, ஆனால் கைபிடிக்க இடமில்லாத மூட்டை. 1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அதே யுத்தத்தில் கொழும்பில் இருந்த பிரித்தானியக் கடற்படை நிலையம் ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளை ஒட்டுக் கேட்டது. அந்தக் காலத்து இராணுவங்களுக்காகக் கட்டின கனத்த ரிசீவர் வகை இது. யுத்தம் முடிந்து மிச்சச் சாமான்களாக விற்கப்பட்டபோது, உலகம் முழுக்க அமெச்சூர் வானொலிக்காரர்கள் இவற்றை விழுந்து விழுந்து வாங்கினார்கள்.

அமெச்சூர் வானொலி எண்டால் என்ன எண்டு கேட்கிறவைக்கு: பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, தங்கட சொந்தக் கருவியில் உலகத்தோடு கதைக்கிற பொழுதுபோக்கு. இலங்கைக்காரரின் அழைப்புக்குறி 4எஸ்7 எண்டு தொடங்கும். பொழுதுபோக்கு எண்டு சும்மா சொல்லிவிடவும் ஏலாது. 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்த நேரம், கொழும்போடு தொடர்பைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்.

செட்டின் சொந்தக்காரர் இப்போது இல்லை. அவருடைய மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் எல்லாருக்கும் ரீச்சர்தான். மகன் கனடாவில். வீட்டை விற்கப்போகிறார்கள். பழைய இரும்புக்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து செட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிலோக் கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓடுகிற நிலையில் இருந்தால் எடுத்து வைத்திருக்க எங்கட கூட்டத்தில் ஒருவர் தயார். ரீச்சர் சொன்ன நிபந்தனை ஒண்டே ஒண்டு. "தொட்டா அடிக்கக்கூடாது பிள்ளையள். அவருக்கு ஒருக்கா அடிச்சது. அதுக்குப் பிறகு நான் அதை வீட்டுக்குள்ள போட விடேல்லை. அப்பிடியே ஆருக்கும் குடுத்து நாளைக்கு ஒண்டு நடந்தா நான் என்ன சொல்லுறது?"

ஆகவே கேள்வி கப்பாசிற்றர் பற்றியது. இந்த வயதுச் செட்டுகளில் முதலில் கெடுகிற சாமான் அதுதான். வால்வுகள் ஆச்சரியமாக நிலைக்கும். ஆனால் மெழுகும் எண்ணெயும் ஊறின காகிதத்தைச் சுருட்டிச் செய்த கப்பாசிற்றர் எண்பது வருஷத்தில் ஈரம் குடித்துவிடும்.

எங்கட கூட்டம் முதல் நாளே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், "எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுவம்" எண்டது. மற்றப் பக்கம், "ஒண்டையும் தொடக்கூடாது, இது சரித்திரம்" எண்டது. இரண்டு பக்கமும் இணையத்தில் தங்களுக்கு வேண்டிய ஆதாரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டுமே சோம்பேறித்தனம் எண்டுதான் எங்களுக்கு இப்போது படுகிறது. முதலாவது யோசிக்கிற வேலையை மிச்சம் பிடிக்கிறது, இரண்டாவது செய்கிற வேலையை மிச்சம் பிடிக்கிறது.

நடுவில் வந்தவர் ஐயா. தொலைத்தொடர்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் முதல் பாதியில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவை மிதிச்சு ஊர் ரேடியோ கேட்ட காலத்தில் ரேடியோ திருத்தினவர். பற்றறியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நேரம், கப்பாசிற்றருக்கு எங்கே போறது? செத்த செட்டில் இருந்து கழட்டித்தான் உயிரோடு இருக்கிற செட்டுக்குப் போடவேணும். கழட்டினதில் அதே இலக்கம் கிடைக்காது. அதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கப்பாசிற்றரின் உடம்பில் என்ன எழுதியிருக்கு எண்டு அவர் முதலில் பார்க்க மாட்டார். "உது அந்த இடத்தில என்ன வேலை செய்யுது? உது செத்தா அடுத்ததா ஆர் சாவினம்?" எண்டுதான் கேட்பார். வெறும் பகிடிக்குச் சொல்கிற கதை எண்டு நினைத்தோம். சுற்றுப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை ஒவ்வொரு கப்பாசிற்றருக்கும் கேட்டுக்கொண்டு போனபோது, எங்கட இரண்டு பக்கச் சண்டை தானாக அடங்கியது.

முதலில் ஒலிப் பகுதியில் ஒரு சின்னன். 0.01 மைக்ரோபரட். ஒரு வால்வின் அனோட்டில் இருந்து கடைசி வால்வான 6கே6 இன் கிரிட்டுக்கு ஒலியை மட்டும் விட்டு, நேரோட்ட வோல்ற்றளவை மறிக்கிறது அதன் வேலை. 250 வோல்ற்றில் ஓடுகிற 6கே6 இன் கிரிட் 18 வோல்ற் எதிராக இருக்கவேணும் எண்டு அதன் டேற்றா ஷீற் சொல்கிறது. அப்போது வால்வு 32 மில்லிஅம்பியர் இழுக்கும். இந்தக் கப்பாசிற்றர் கொஞ்சம் ஒழுகுது எண்டு வையுங்கோ. 5 மெகாஓம் தடை மாதிரி. ஒரு பக்கத்தில் 100 வோல்ற், மற்றப் பக்கத்தில் அரை மெகாஓம் தடை. கணக்குப் போட்டால் கிரிட்டில் 9 வோல்ற் நேராக வந்து ஏறும். எதிர் 18 அரைவாசியாகிவிடும். வால்வு கட்டுமட்டில்லாமல் கரண்ட் இழுக்கும், சூடேறும், கடைசியில் வெளியீட்டு ரான்ஸ்போமரின் மயிர் மாதிரியான கம்பி எரியும். அந்த ரான்ஸ்போமரை இண்டைக்குத் தேடி எடுக்கிறது கப்பாசிற்றர் வாங்கிற மாதிரி லேசில்லை.

இதில் பொல்லாத விஷயம், சாதாரண மீற்றரில் வைத்தால் அது 0.01 எண்டு வடிவாகக் காட்டும். சிலவேளை கூடவாகக் காட்டும், ஒழுகிற பேப்பர் கப்பாசிற்றருக்கு அது வழமை. மீற்றர் சில வோல்ற்றில்தான் பார்க்கிறது. ஒழுக்கு நூற்றுக்கணக்கான வோல்ற் வந்தால்தான் தெரியும். அதனால் இந்த ஒண்டுக்கு ஒரு விவாதமும் இல்லை. செட்டுக்குக் கரண்ட் குடுக்க முதலே மாத்தவேணும். போடுறது பொலிபுரொப்பிலீன் பிலிம், 630 வோல்ற். ஏன் 630 எண்டால், 5வை3 ரெக்டிபையர் வால்வு சில செக்கனில் சூடாகிவிடும். மற்ற வால்வுகள் சூடாகக் கனநேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கரண்டை இழுக்க ஒருவரும் இல்லாமல் வோல்ற்றளவு வழமையை விட நல்லாய் மேலே போய் நிற்கும். 250 தானே எண்டு 250 வோல்ற் கப்பாசிற்றரைப் போட்டவர் ஒவ்வொரு முறை சுவிச்சைப் போடும்போதும் அதைப் பரீட்சிக்கிறார்.

அடுத்தது, வால்வுகளின் திரைக் கிரிட்டில் இருந்து நிலத்துக்கு அதிர்வெண்ணை வடிக்கிற பைபாஸ் வேலைக்காரர். ஏ.ஆர் 88 இல் இவை சின்னத் தகரப் பெட்டிகளில் மூன்று மூன்றாக, 0.25 மைக்ரோபரட் வீதம் அடைத்து வருகின்றன. குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கிறதால் ஆங்கிலத்தில் பேரும் பாத்டப். எங்களில் ஒருவர் 0.25 எண்டு ஒரு கடையிலும் இல்லை எண்டு கவலைப்பட்டார். இப்போது விற்பது 0.22. இங்கேதான் ஐயாவின் கேள்வி உதவியது. வடிக்கிறதுதான் வேலை எண்டால், 455 கிலோஹேர்ட்ஸில் 0.25 இன் தாக்குதிறன் 1.4 ஓம், 0.22 இனது 1.6 ஓம். அந்த வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது. கப்பாசிற்றரின் கால் நீளம்தான் தெரியும். ஒரு சென்ரிமீற்றர் கம்பி கிட்டத்தட்ட 10 நனோஹென்றி. 30 மெகாஹேர்ட்ஸில் அதுவே தனியாக 2 ஓமுக்குக் கிட்ட வரும். ஆகவே இலக்கத்துக்குத் தலையை உடைக்காமல் காலைக் கட்டையாக வெட்டி வைக்கிறதுதான் கெட்டித்தனம்.

அதே கேள்வியை இசைவுச் சுற்றில் கேட்டால் பதில் தலைகீழ். அலையத்தில் இருக்கிற மைக்கா கப்பாசிற்றரின் வேலை, அதிர்வெண்ணை ஓர் இடத்தில் பிடித்து வைக்கிறது. அந்தச் சுற்றின் மொத்தக் கொள்ளளவம் 1 சதவீதம் மாறினால் அதிர்வெண் அரைச் சதவீதம் மாறும். 7 மெகாஹேர்ட்ஸில் அது 35 கிலோஹேர்ட்ஸ். ஒருவர் கதைக்கிற சிங்கிள் சைட்பாண்ட் குரல் பிடிக்கிற அகலம் 3 கிலோஹேர்ட்ஸ்கூட இல்லை. பத்துப் பேரைத் தாண்டிப் போய் நிற்பீர்கள். எல்லாத்தையும் மாத்து எண்டு நிண்ட ஆள் பையில் வைத்திருந்தது மலிவான செரமிக், வை5வி எண்டு குறி போட்டது. அந்த வகை தன் வெப்பநிலை எல்லைக்குள் 82 சதவீதம் வரைக்கும் குறையலாம் எண்டு அதன் குறியீடே அனுமதிக்கிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அதை அலையத்தில் போட்டால் நிலையம் நிலையமாக ஓடவேண்டியதுதான். மாத்தியே ஆகவேணும் எண்டால் வெள்ளி மைக்கா, இல்லாட்டி சி0ஜி வகைச் செரமிக். ஆனால் எங்கட செட்டின் மைக்காக்கள் நல்லாயிருந்தன. நல்லாயிருக்கிறதைத் தொடக்கூடாது எண்ட கட்சி அந்த இடத்தில் முழுதாக வெண்டது.

மின்வழங்கிப் பக்கத்தில் எண்ணெய் நிரப்பின பெரிய பெட்டி. பிற்காலத்துச் செட்டெண்டால் அங்கே எலெக்ரோலைற்றிக் இருந்து, காய்ந்து, எப்போதோ செத்திருக்கும். எண்ணெய்ப் பெட்டியைப் பெரிய தடை ஒண்டோடு தொடரில் வைத்து, ஓடுகிற வோல்ற்றளவில் சோதித்தோம். ஒழுக்கு இல்லை. அப்படியே விட்டோம். அதோடு 47 மைக்ரோபரட் ஒண்டையும் சேர்த்துப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையுமே எண்டு ஒரு யோசனை வந்தது. வால்வு ரெக்டிபையருக்கு முன்னால் கண்டபடி பெரிய கப்பாசிற்றர் போட்டால், அது நிரம்புகிற ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு பெரிய கரண்டைத் தள்ளவேணும். குறைந்தால் காது பாவம், கூடினால் வால்வு பாவம்.

இனி ரீச்சரின் நிபந்தனை.

செட்டைக் கவிழ்த்தவுடன் ஐயா பார்த்தது மெயின்ஸ் வயர் உள்ளே வருகிற இடத்தை. வயர் இரண்டு கம்பி, நிலத்தொடுப்பு இல்லை. பக்கத்தில், தொழிற்சாலையில் வைக்காத, பிறகு ஆரோ ஒட்டின ஒரு பேப்பர் கப்பாசிற்றர். 0.1 மைக்ரோபரட், 400 வோல்ற் எண்டு போட்டிருந்தது. ஒரு கால் மெயின்ஸில், மற்றக் கால் செட்டின் இரும்பு உடம்பில். இரைச்சலைக் குறைக்கப் போட்டது. அந்தக் காலத்தில் பலரும் அப்படிச் செய்தார்கள். வேலையையும் அது செய்திருக்கும்.

உடம்பில் எழுதியிருந்த 400 வோல்ற் நேரோட்டத்துக்கானது. 230 வோல்ற் மாறலோட்டத்தின் உச்சம் 325. அதுக்கு மேல் இடி மின்னல், பக்கத்து வீட்டு மோட்டர் எல்லாம் தருகிற ஏற்றங்கள். ஆனால் கப்பாசிற்றர் புத்தம் புதுசாக, பழுதில்லாமல் இருந்தாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 0.1 மைக்ரோபரட்: 7.2 மில்லிஅம்பியர். மெயின்ஸின் உயிர்க் கம்பி அந்தப் பக்கம் வருகிற மாதிரி பிளக்கைச் செருகிவிட்டால், செட்டைத் தொட்டுக்கொண்டு ஈரச் சீமெந்து நிலத்தில் நிற்கிறவருக்குள்ளால் கிட்டத்தட்ட அவ்வளவும் போகும். கையை விடுவிக்க ஏலாமல் போகிற எல்லைக்குக் கிட்ட. வீட்டு ட்ரிப் சுவிச் வழமையாக 30 மில்லிஅம்பியரில்தான் விழும். 7 ஐ அது கண்டுகொள்ளாது. கப்பாசிற்றர் சோர்ட் ஆனால் முழு மெயின்ஸும் உடம்பில் வந்து நிற்கும்.

அவருக்கு ஒருக்கா அடிச்சது எண்டு ரீச்சர் சொன்னதன் விளக்கம் இந்தப் பேப்பர்ச் சுருளுக்குள் இருந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. ஐயாதான், "மனிசன் தப்பினது பெரிய விஷயம்" எண்டு சொல்லிவிட்டு வெட்டுக்குறட்டை எடுத்தார்.

இந்த இடத்துக்கெண்டே சட்டம் போட்டுச் செய்கிற கப்பாசிற்றர்கள் இருக்கின்றன. இரண்டு மெயின்ஸ் கம்பிக்கும் நடுவில் போடுறது எக்ஸ் வகுப்பு. அது சோர்ட் ஆனால் பியூஸ் போகும், ஆள் தப்பும். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் போடுறது வை வகுப்பு. அது சோர்ட் ஆகவே கூடாது, செத்தாலும் திறந்தபடி சாகவேணும் எண்டு வடிவமைக்கப்பட்டது. எக்ஸ்2 வகையை 2.5 கிலோவோல்ற் துடிப்பு அடித்துச் சோதிப்பார்கள், வை2 வகையை 5 கிலோவோல்ற். எக்ஸ் போடவேண்டிய இடத்தில் வை போடலாம், மாறிப் போடக்கூடாது. நாங்கள் போட்டது வை2, 4.7 நனோபரட். அதே கணக்கில் 0.34 மில்லிஅம்பியர். அதோடு மூன்று கம்பி வயர், சரியான நிலத்தொடுப்பு, பியூஸ். வை2 போட்டோம்தானே எண்டு நிலத்தொடுப்பை விடுகிறவரோடு நாங்கள் கதைக்கத் தயாரில்லை.

வாங்கினது பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டால் கனபேர் மாட்டுப்படுகிற இடம் அது. ஒரு இடத்தில் வாங்கின 630 வோல்ற் பிலிம் கப்பாசிற்றர்கள் சந்தேகத்துக்கு இடமான அளவுக்குச் சின்னனாக இருந்தன. பிலிம் கப்பாசிற்றரில் வோல்ற்றளவு கூடினால் பிலிம் தடிக்கும், உடம்பு பருக்கும், அதை ஏமாத்த ஏலாது. தெரிந்த நிறுவனமொன்றின் டேற்றா ஷீற்றில் இருந்த அளவோடு அடிமட்டம் வைத்துப் பார்த்தோம். அரைவாசிகூட வரவில்லை. 300 வோல்ற் குடுத்த இரண்டு, சத்தத்தோடு போயின. மெயின்ஸில் போடுற வை2 இல் இந்த விளையாட்டு ஆளையே கொல்லும். அதனால் அதை மட்டும் ஒழுங்கான விநியோகஸ்தரிடம், தபால் செலவு சாமானை விடக் கூடவாக இருந்தும், எடுத்தோம். பாதுகாப்புச் சான்றுக் குறிகள் உடம்பில் அச்சாகியிருக்கும். ஆனால் குறியையும் அச்சடிக்கிற ஆட்கள் இருக்கினம், ஆகவே குறியை நம்புறதை விடக் கடையை நம்புறது நல்லது.

பிறகும் ஒரு சண்டை மிச்சம் இருந்தது. சரித்திரக் கட்சிக்காரருக்கு அந்தத் தகரத் தொட்டிகளின் தோற்றம் வேணும். உலகம் முழுக்க இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொட்டியைச் சூடாக்கித் திறந்து, உள்ளே இருக்கிறதை வழித்தெடுத்து, புதுப் பிலிமை ஒளித்து வைத்து மூடுவது. பார்க்க வடிவுதான். நாங்கள் அதை வேண்டாம் எண்டோம். அந்தக் காலத்து எண்ணெய்க் கப்பாசிற்றர்களில் பலவற்றில் பிசிபி எண்ட இரசாயனம் இருந்திருக்கிறது. எரியாது, பழுதாகாது எண்டு விரும்பிப் போட்ட அதே பொருள்தான் பிறகு, சூழலில் அழியாது, உடம்பில் சேரும், புற்றுநோய் தரக்கூடியது எண்டு உலகம் முழுக்கத் தடைசெய்யப்பட்டது. 2001 இன் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே அது இருக்கிறது. பைரனோல், இனேர்ற்றீன், டைக்கனோல் எண்டு உடம்பில் எழுதியிருந்தால் பிசிபி எண்டே எடுத்துக்கொள்ளுறதுதான் பாதுகாப்பு. ஒண்டும் எழுதாவிட்டாலும் இல்லையெண்டு ஆகாது. அழகுக்காக அதைச் சூடாக்கி மணக்கிறதுக்கு எங்களில் ஒருவருக்கும் விருப்பமில்லை.

தொட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டு, உள் இணைப்பை மட்டும் வெட்டி, புதுக் கப்பாசிற்றர்களை அடியில், கட்டைக் காலோடு வைத்தோம். மேலே இருந்து பார்த்தால் 1940கள், கவிழ்த்தால்தான் இந்த நூற்றாண்டு. எதை மாத்தினோம், எதை விட்டோம், எந்தத் திகதி எண்டு எழுதி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இனித் திறக்கிறவர் எங்களைத் திட்டுறதெண்டால் விபரத்தோடு திட்டட்டும்.

முதல் கரண்டை ஒரு 100 வாற் குண்டு மின்குமிழைத் தொடரில் வைத்துத்தான் குடுத்தோம். உள்ளே எங்காவது சோர்ட் எண்டால் குமிழ் பளிச்செண்டு எரிந்து கரண்டைத் தான் வாங்கிக்கொள்ளும். குமிழ் ஒருமுறை மின்னி, மங்கி நிண்டது. பின்னேரம் 7 மெகாஹேர்ட்ஸில் முதலில் இந்தியாவில் இருந்து இரண்டு பேர் தங்கட அன்ரெனாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது கேட்டது. உலகத்திலேயே சுவாரசியம் குறைந்த உரையாடல். நாங்கள் முக்கால் மணித்தியாலம் இருந்து கேட்டோம். ரீச்சர் கதவடியில் நிண்டா. ஐயா மீற்றரின் ஒரு முனையைச் செட்டின் உடம்பிலும் மற்றதை நிலத்தொடுப்பிலும் வைத்து, முள் அசையாததைக் காட்டினார். ரீச்சர் மீற்றரைப் பார்க்கவில்லை. புறங்கையால் மெல்ல ஒருக்கா, பிறகு உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தா. "சரி, கொண்டு போங்கோ" எண்டா.

தொட்டிகளில் ஒண்டு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதை மட்டும் கையுறை போட்டுக் கழட்டி, மரத்தூள் போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து மூடினோம். சுன்னாகப் பக்கம் கிணத்துத் தண்ணியில் எண்ணெய் வந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு, சுண்ணாம்புக்கல் நிலத்தில் எதைப் புதைத்தாலும் எங்கே போய்ச் சேரும் எண்டு சொல்லித் தரத் தேவையில்லை. குப்பையில் போட ஏலாது, எரிக்க ஏலாது. விசாரித்த இடங்களில் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை. டப்பா எங்கட புத்தக அலுமாரிக்குக் கீழே, "திறக்கவேண்டாம்" எண்டு எழுதினபடி, இப்பவும் இருக்கிறது. இப்படியானதை ஒழுங்காக எடுக்கிற இடம் உங்களில் ஆருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ.